மெழுகுதிரிப் படகு ஒரு சாண் போய் நின்றுவிடுகிறது, எங்கே பிழை?

வெள்ளவத்தை அப்பா | சனி, இரவு 9.20

மகள் தரம் 7. பாடசாலையில் விஞ்ஞான தினத்துக்குத் தானாக ஓடும் படகு ஒன்று செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். பற்றரி கூடாது, கையால் தள்ளக் கூடாது, தண்ணீர்த் தொட்டியில் ஒரு மீற்றராவது ஓட வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை கொண்டுபோக வேண்டும். பலூன் படகை வகுப்பில் பாதிப் பேர் செய்கிறார்களாம், ஆகவே அது வேண்டாம் என்று பிடிவாதம். சரி, மெழுகுதிரிச் சூட்டில் செப்புக் குழாய் வழியாகத் தண்ணீரைத் தள்ளி ஓடுமே, அந்தப் படகைச் செய்வோம் என்று இறங்கிவிட்டோம்.

உடம்பு ரெஜிபோம் (பெட்டிகளில் பொதிந்து வரும் வெள்ளை நுரைப் பலகை), 30 செ.மீ. நீளம். பிரிட்ஜ் திருத்தும் இடத்தில் கேட்டு வாங்கிய மெல்லிய செப்புக் குழாய் அரை மீற்றர் இருக்கும். நடுப்பகுதியைப் பேனையில் மூன்று சுற்றுச் சுற்றினேன். சுருளுக்குக் கீழே மெழுகுதிரி. இரண்டு முனைகளும் பின்பக்கத்தால் தண்ணீருக்குள் போகின்றன. ரெஜிபோமில் குழாய் போகும் துளைகளை எபொக்சிப் பசையால் அடைத்தேன்.

கொளுத்தி ஒரு நிமிடம் போல ஒன்றும் நடக்காது. பிறகு 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், பின்னால் நாலைந்து குமிழி, படகு ஒரு சாண் போகும். அவ்வளவுதான். சூடு போதாதாக்கும் என்று இரண்டு திரி வைத்துப் பார்த்தேன். அந்த ஒரு சாணும் போகவில்லை, ரெஜிபோமில் ஓட்டை விழுந்து வீடெல்லாம் நாற்றம். மனைவி எங்களைச் சமையலறையிலிருந்து துரத்திவிட்டார். ஆராய்ச்சி இப்போது பல்கனியில் நடக்கிறது.

யாராவது இதைச் செய்து ஓட்டியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனைக் குருவி | சனி, இரவு 9.48

அண்ணை, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு சின்ன 3 வோல்ட் மோட்டரும் விசிறியும் வாங்கிப் பூட்டினால் அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது.

வெள்ளவத்தை அப்பா | சனி, இரவு 9.55

தம்பி, பற்றரி கூடாது என்று மேலே எழுதியிருக்கிறேனே.

கொட்டாஞ்சேனைக் குருவி | சனி, இரவு 9.57

ஐயோ, கவனிக்கவில்லை. மன்னிக்கவும்.

பழைய ஸ்பானர் | சனி, இரவு 11.10

தம்பி, சூட்டில் பிழை இல்லை. எனக்குச் சந்தேகம் குழாயில்தான். பிரிட்ஜ் கடையில் சும்மா கேட்டால் கப்பிலரி குழாயைத்தான் வெட்டித் தருவார்கள். வெளியே பார்க்கப் பரவாயில்லாத தடிப்பு, உள்ளே துளை ஊசி போல. விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை எடுத்து, அதன் தடித்த பக்கத்தால் குழாய்க்குள் விட்டுப் பாருங்கள். போகிறதா?

இன்னும் சில விஷயம் கேட்க வேண்டும். கொளுத்துவதற்கு முன் குழாய் முழுவதும் தண்ணீர் நிரப்பினீர்களா, அல்லது வெறும் குழாயையே தொட்டியில் வைத்தீர்களா? இரண்டு முனைகளும் தண்ணீருக்குள் நன்றாக அமிழ்ந்திருக்கின்றனவா? சுடர் சுருளில் மட்டும் படுகிறதா, பின்னால் போகும் குழாயையும் சேர்த்து நக்குகிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், இந்தப் படகுக்குச் சூடு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு குளிரும் வேண்டும். சுருளில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிறது, ஆவி குழாயில் உள்ள தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது. தள்ளப்பட்ட தண்ணீர் ஓடிய வேகத்தில் கொஞ்சம் கூடுதலாகவே வெளியே போய்விடும். அந்த நேரம் ஆவி குழாயின் குளிர்ந்த பகுதிக்கு வந்து தண்ணீராகச் சுருங்குகிறது. உள்ளே அமுக்கம் விழுந்ததும் வெளியிலிருந்து தண்ணீர் திரும்ப ஏறுகிறது, சுருளைத் தொடுகிறது, மறுபடியும் ஆவி. ஒரு விநாடிக்குள் பல தரம் இது நடக்கும். நீங்கள் இரண்டு திரி வைத்தபோது குழாயெல்லாம் சூடேறி, ஆவி சுருங்க இடமில்லாமல், சுருள் காய்ந்துபோயிருக்கும். நீங்கள் கேட்ட 'ஸ்ஸ்' அதுதான்.

வெள்ளவத்தை அப்பா | ஞாயிறு, காலை 7.30

அண்ணை, ஈர்க்கு போகவில்லை! தடித்த பக்கம் மட்டுமல்ல, நடு ஈர்க்குக்கூடப் போகவில்லை, நுனிதான் கொஞ்சம் நுழைந்தது. தண்ணீர் நிரப்பவில்லை. தானாக ஏறும் என்று நினைத்துவிட்டேன். ஒரு முனை தண்ணீருக்குள், மற்றது பாதி வெளியே. மெழுகுதிரி முன்பக்கம் இருப்பதால் பின்பக்கம் தூக்குகிறது.

ஒன்று விளங்கவில்லை. வெளியே தள்ளும்போது படகு முன்னால் போகும், சரி. உறிஞ்சும்போது அதே அளவு பின்னால் இழுபடாதா? மகளும் இதைத்தான் கேட்கிறாள், நான் சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

ரீச்சரம்மா | ஞாயிறு, காலை 8.15

இதற்குப் பதில் மகளிடமே இருக்கிறது. ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி, ஒரு முழம் தள்ளி நின்று ஊதி அணைக்கச் சொல்லுங்கள். அணையும். திரும்பக் கொளுத்தி, அதே தூரத்தில் நின்று மூச்சை உள்ளே இழுத்து அணைக்கச் சொல்லுங்கள். சுடர் அசையாது. வாயால் வெளியே வரும் காற்று ஒரே கோடாகப் போகிறது. உள்ளே போகும் காற்று நாலா பக்கத்திலிருந்தும் வருகிறது. படகின் குழாயிலும் அப்படித்தான். தள்ளும்போது தண்ணீர் பின்னால் நேர் தாரையாகப் பாய்கிறது, உறிஞ்சும்போது முனையைச் சுற்றியுள்ள எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. இரண்டும் சமப்படாததால் மிச்சமாகும் தள்ளுதல்தான் படகை ஓட்டுகிறது. நடுவர்கள் கேட்டால் மகள் இந்த ஊதுகிற விளையாட்டையே செய்து காட்டலாம், சூத்திரம் ஒன்றும் தேவையில்லை.

இன்னொன்று: ரெஜிபோமுக்கு மேல் சுடரை வைக்காதீர்கள், அந்தப் புகை பிள்ளைக்கு நல்லதல்ல. தட்டையான மீன் ரின் ஒன்றைக் கழுவி எடுங்கள். ரெஜிபோமில் அந்த அளவுக்குச் சதுரமாக வெட்டி ரின்னை அதற்குள் இறக்கி, மெழுகுதிரியை ரின்னுக்குள் வையுங்கள். ரின்னின் விளிம்பை உட்பக்கம் மடித்துத் தட்டிவிடுங்கள், கை வெட்டும். வெறும் சுருளைத் தொட்டுப் பார்க்கவும் விடாதீர்கள், பிள்ளைகள் தொட்டுத்தான் பார்ப்பார்கள்.

கைவசம் மாற்று ஒன்றும் இருக்கட்டும். இறப்பர் வளையத்தை முறுக்கி விடும் சக்கரப் படகு. இதில் பலரும் விடும் பிழை சக்கரத்தை அதிகமாக அமிழ்த்துவது. தகடு மூன்றில் ஒரு பங்கு போலத் தண்ணீரில் பட்டால் போதும். கூட அமிழ்ந்தால் சக்கரம் தண்ணீரை மேலே அள்ளிக்கொண்டிருக்கும், படகு நின்ற இடத்தில் நிற்கும்.

பழைய ஸ்பானர் | ஞாயிறு, காலை 9.05

ரீச்சர் சொன்னது சரி. குழாய்க்கு வருகிறேன். துளையின் விட்டம் பாதியானால், அதே அளவு தண்ணீர் ஓடுவதற்குத் தடை 16 மடங்கு. கப்பிலரி குழாயில் தண்ணீர் போய்வர முடியாமல் மூச்சுத் திணறும், நீங்கள் எவ்வளவு கொளுத்தினாலும் சரிவராது.

வெளியே 3 மி.மீ., உள்ளே 2 மி.மீ. போல உள்ள செப்புக் குழாய் வேண்டும். வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பாஞ்சிகாவத்தைக்குப் போய், பழைய லொறிகளில் ஒயில் பிரஷர் கேஜுக்குப் போகும் மெல்லிய செப்புக் குழாய் என்று கேட்டுப் பாருங்கள். பிரேக் குழாய் என்று கேட்காதீர்கள், அது தடித்தது, மெழுகுதிரிக்குக் கட்டுப்படாது. கையில் ஈர்க்கு ஒன்றையும் கொண்டு போங்கள்.

வளைக்கும் முன் நடுப்பகுதியை அடுப்பில் மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்குங்கள், செம்பு மென்மையாகிவிடும். உருக்கைப் போல இல்லை, உடனே தண்ணீரில் போட்டாலும் இறுகாது. ஆறிய பிறகு நன்றாகக் காய்ந்த தூள் உப்பைத் தட்டித் தட்டி நிரப்பி, இரண்டு முனைகளையும் ரேப்பால் அடைத்துவிட்டுச் சுற்றுங்கள். உப்பு இருந்தால் குழாய் நசுங்காது. ஒழுங்கைக் கவனியுங்கள்: சூடாக்குவது முதலில், உப்பு பிறகு. உப்பை அடைத்து மூடிய குழாயை ஒருபோதும் நெருப்பில் பிடிக்க வேண்டாம், உள்ளே ஈரம் இருந்தால் வெடிக்கும்.

ஓட்டும்போது மருந்துக்கடைச் சிரிஞ்சால் ஒரு முனையில் தண்ணீரை ஏற்றி, மறு முனையில் குமிழி இல்லாமல் வரும்வரை விடுங்கள். இரண்டு முனையையும் விரலால் பொத்திக்கொண்டு தொட்டியில் வைத்து, பிறகுதான் கொளுத்த வேண்டும். பின்பக்கம் தூக்கினால் 10 ரூபாய்க் குற்றி இரண்டை வையுங்கள்.

சின்ன வயதில் ஆடிவேல் திருவிழாக் கடைகளில் இந்தத் தகரப் படகு விற்பார்கள். பம்பலப்பிட்டியில் வாங்கி, வீட்டுக்குப் போகும்வரை பொறுக்க முடியாமல் வழியிலேயே ஒரு குழாயடி வாளியில் விட்டுப் பார்த்து அப்பாவிடம் அடி வாங்கியது ஞாபகம். அதில் ஓடியதைவிட 'டக் டக்' என்ற சத்தம்தான் பெரிது.

வெள்ளவத்தை அப்பா | செவ்வாய், இரவு 8.40

முன்னேற்றம்! பாஞ்சிகாவத்தையில் நாலாவது கடையில் குழாய் கிடைத்தது. ஈர்க்கை விட்டுப் பார்த்த என்னைக் கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார். ஒன்றரை மீற்றர் வாங்கினேன். முதலாவது துண்டு நசுங்கிவிட்டது. உப்பை அவசரத்தில் நிரப்பினேன், இடையில் வெற்றிடம் இருந்திருக்கும். இரண்டாவது வடிவாக வந்தது.

படகு ஓடுகிறது. ஆனால் நேராகப் போகாமல் இடப்பக்கமாக வட்டமடிக்கிறது. சுமார் 40 விநாடி ஓடிவிட்டு நிற்கிறது, திரியோ எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அப்புறம் மகளின் முறைப்பாடு: 'டக் டக்' சத்தத்தைக் காணோம். உங்கள் ஆடிவேல் கதையை அவளிடம் வாசித்துக் காட்டியது என் பிழை.

கொட்டாஞ்சேனைக் குருவி | செவ்வாய், இரவு 9.02

சத்தத்துக்கு நான் பதில் சொல்கிறேன், இரண்டு நாளாக இதையே தேடி வாசிக்கிறேன். இந்தப் படகுக்கு 1891இலேயே தோமா பியோ என்பவர் பிரித்தானியாவில் காப்புரிமை எடுத்திருக்கிறார். சத்தம் போடுவது மெல்லிய தகட்டு மூடி வைத்த கொதிகலன் உள்ள வகை. 1915இல் சார்ல்ஸ் மக்ஹியூ அமெரிக்காவில் விண்ணப்பித்தது அப்படிப்பட்டது. ஒவ்வொரு தரமும் தகடு உள்ளே வெளியே துடிப்பதுதான் அந்த 'டக் டக்'. உங்களுடையது சுருள் வகை, துடிக்கத் தகடு இல்லை, ஆகவே அமைதியாகத்தான் ஓடும். அண்ணை, மோட்டர் சொன்ன பாவத்தைக் கழுவிவிட்டேன்.

பழைய ஸ்பானர் | செவ்வாய், இரவு 10.30

நல்லது குருவி.

வட்டமடிப்பதற்குக் காரணம் அநேகமாக உப்பு. ஒரு குழாயில் கட்டி மிச்சமிருந்தால் அந்தப் பக்கம் தள்ளுதல் குறையும், படகு அந்தப் பக்கமே திரும்பும். உங்கள் படகு இடப்பக்கம் திரும்புகிறது, ஆகவே இடக் குழாயைப் பாருங்கள். வெந்நீரை ஊற்றி ஊறவிட்டு, சிரிஞ்சால் பல தரம் அடியுங்கள். அதற்குப் பிறகும் திரும்பினால் இரண்டு முனைகளும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இல்லை என்று அர்த்தம், கையால் மெல்ல வளைத்தால் போதும். அடிப்பக்கம் நடுக்கோட்டில் தகரத் துண்டு ஒன்றைச் சுக்கான் போலக் குத்திவிட்டால் இன்னும் நேராகப் போகும்.

40 விநாடியில் நிற்பது காற்றால். குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று சூட்டில் பிரிந்து சுருளில் சேர்கிறது. ஆவி சுருங்கும், காற்று சுருங்காது. சேரச் சேரத் துடிப்பு மெலிந்து நின்றுவிடும். நன்றாகக் கொதிக்கவைத்து மூடி ஆறவிட்ட தண்ணீரைக் குழாய்க்குள் ஏற்றுங்கள். முழுதாகத் தீராது, வெளித் தண்ணீரும் போய் வருகிறதே, ஆனால் ஒரு மீற்றர் ஓட அது தாராளம். சுருள் கறுத்தால் சுடருக்குள் மிகவும் தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம், கொஞ்சம் உயர்த்துங்கள். சுடரின் மேல்நுனிதான் அதிகம் சுடும்.

வெள்ளவத்தை அப்பா | புதன், இரவு 9.15

இடக் குழாயிலிருந்து உப்புக் கட்டி தெறித்து வந்தது, மகள் கை தட்டினாள். இப்போது நேராகப் போகிறது. பேசினில் 90 செ.மீ. தூரத்தை 14 விநாடியில் கடந்தது. ஆறவிட்ட தண்ணீரில் மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடியது, பிறகு நாங்களே அணைத்தோம்.

ரீச்சரம்மா | புதன், இரவு 9.40

மகிழ்ச்சி. மண்டபத்தில் மின்விசிறி சுழலும் என்பதை மறக்க வேண்டாம். திரி அணையும், இலேசான படகை அந்தக் காற்றே தள்ளியும் விடும். அப்புறம் நடுவர்கள் அது தானாக ஓடவில்லை என்பார்கள். ரின்னின் மூன்று பக்கமும் தகரத்தால் மறைப்பு வையுங்கள். விசிறியை நிறுத்தச் சொல்லியும் கேட்டுப் பாருங்கள்.

வெள்ளவத்தை அப்பா | வெள்ளி, மாலை 5.50

விசிறியை நிறுத்தினார்கள், மண்டபமே எங்களைத் திட்டியிருக்கும், அவ்வளவு வெக்கை. முதல் தரம் கொளுத்தியபோது படகு அசையவில்லை. பதற்றத்தில் மகள் சிரிஞ்சால் நிரப்ப மறந்துவிட்டாள். தானே கண்டுபிடித்து, அணைத்து, ஆறவிட்டு, நிரப்பி, திரும்பக் கொளுத்தினாள். தொட்டியின் மறு கரை வரைக்கும் போய் முட்டியது. உறிஞ்சும்போது ஏன் பின்னால் போகவில்லை என்று நடுவர் கேட்டாராம். இவள் மெழுகுதிரியை நீட்டி, "சேர், இதை உறிஞ்சி அணையுங்கள்" என்றாளாம். அவரும் செய்து பார்த்தாராம்.

இரண்டாம் இடம். முதலிடம் இறப்பர் வளையச் சக்கரப் படகு ஒன்றுக்கு. ரீச்சர், அது உங்கள் மாணவரா?

செப்புக் குழாயில் அரை மீற்றர் மிச்சம் இருக்கிறது. வெள்ளவத்தைப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் இங்கேயே சொல்லுங்கள், ஈர்க்கோடு தருகிறேன்.