கினி வளைகுடா மேல் மங்கல்: புகையா, தூசியா? எப்படிப் பிரித்தறிவது?

நீலவான்:
வணக்கம். மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட பருவப் படங்களை வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஒரு ஜனவரிப் படத்தில் சிக்கிக்கொண்டேன். நாசாவின் செயற்கைக்கோள் படத் தளமான வேர்ல்ட்வியூவில் இயல்பு வண்ணத்தில் பார்த்தால் நைஜரிலிருந்து கடல் வரை ஒரே பழுப்புச் சாம்பல் மங்கல். சவன்னா முழுக்க விர்ஸ் என்ற செயற்கைக்கோள் கருவி காட்டும் தீப்புள்ளிகள். சரி, புகைதான் என்று பார்த்தால், மீட்டியோசாட் வானிலைச் செயற்கைக்கோளின் தூசி வண்ணக் கலவையில் (தூசியைத் தனித்துக் காட்டச் செய்த படம்) வடக்கே பளிச்சென்று இளஞ்சிவப்பு! கடற்கரையை நெருங்க நெருங்க அது காணாமல் போகிறது. தூசி அதற்குள் படிந்துவிட்டதா? கடல்மேல் இருப்பது வெறும் புகையா? புற ஊதா ஏரோசால் (காற்றில் மிதக்கும் துகள்) குறியீட்டையும் போட்டுப் பார்த்தேன். வடக்கு, தெற்கு இரண்டிலும் அதிகம். குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

மணற்காற்று:
அந்தக் குறியீட்டை முதலில் ஓரமாக வையுங்கள். புற ஊதாவை உறிஞ்சும் துகள் எதுவானாலும் அது ஏறும்; புகை, பாலைத் தூசி இரண்டும் உறிஞ்சும். போதாததற்கு, அதே அளவு துகள் தரையோடு கிடந்தால் குறைவாகவும் உயரத்தில் இருந்தால் கூடுதலாகவும் காட்டும்.

இளஞ்சிவப்பு வேறு கதை. அந்தக் கலவை முழுக்க அகச்சிவப்பு. சிவப்புக்கு, 12 மைக்ரானில் தெரியும் வெப்பநிலையிலிருந்து 10.8 மைக்ரானில் தெரிவதைக் கழிக்கிறார்கள். தூசியில் இருக்கும் சிலிக்கேட் 10.8 பக்கம் அதிகம் உறிஞ்சுவதால் வித்தியாசம் கூடி, சிவப்பு ஏறும். மெல்லிய உயர்மேகத்தில் இது தலைகீழ். புகைத்துகள் பெரும்பாலும் 1 மைக்ரானுக்கும் சிறியது என்பதால் இந்த அலைநீளத்தில் கண்ணிலேயே படாது. ஆக, இளஞ்சிவப்பு இருந்தால் தூசி என்று தைரியமாகச் சொல்லலாம். இல்லாவிட்டால் தூசி இல்லை என்று சொல்ல முடியாது. தெற்கே போகப் போகக் காற்றில் ஈரம் கூடும். நீராவி அந்த வித்தியாசத்தை எதிர்ப்பக்கம் இழுத்துவிடும். உங்கள் படத்தில் தூசி படிந்துவிடவில்லை, மறைந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

கரித்துகள்:
மணற்காற்று சொன்னதோடு கார்பன் மோனாக்சைடையும் பாருங்கள். சாட் நாட்டின் போடேலே பள்ளத்திலிருந்து கிளம்பும் புழுதியில் அது கிடையாது, எரிந்தால்தான் வரும். 2017இல் ஏவிய சென்டினல்-5பியில் இருக்கும் ட்ரோபோமி கருவி தினமும் அளக்கிறது. நகரப் புகையிலும் இருக்கும், வாரக்கணக்கில் காற்றில் தங்கவும் செய்யும். அதனால் வெறும் அளவைப் பார்க்காமல் எந்த இடத்தில் சட்டென்று ஏறுகிறது என்று பாருங்கள்.

அப்புறம், நைஜீரியாவின் இலோரினில், சூரிய ஒளியை வைத்துக் காற்றுத் துகளை அளக்கும் ஏரோநெட் வலையமைப்பின் தரை நிலையம் உண்டு. அதில் ஆங்ஸ்ட்ராம் அடுக்கு (துகளின் பருமனைக் காட்டும் எண்) 0 பக்கம் என்றால் பெருந்துகள், தூசி. 1ஐத் தாண்டினால் நுண்துகள், புகை. அன்றைய அளவீடு இருந்தால் பாதி வழக்கு முடிந்தது.

நீலவான்:
இருவருக்கும் நன்றி. தீப்புள்ளிப் பட்டையில் கார்பன் மோனாக்சைடு விறுவிறுவென ஏறி, கடல்மேலும் அப்படியே தொடர்கிறது. நைஜர் மேல் குறைவு. இலோரினில் அடுக்கு 0.6 பக்கம். அப்படியானால் இரண்டும் கலவைதானே? இன்னொரு சந்தேகம்: மோடிஸ் செயற்கைக்கோள் கருவியின் ஒளியியல் தடிமன் (துகள்கள் ஒளியை எவ்வளவு தடுக்கின்றன என்ற அளவு) வரைபடத்தில், மங்கல் மிக அடர்ந்த இடத்தில் மட்டும் வெற்றுத் துளை. அங்கே மேகமா?

மணற்காற்று:
0.6 கலவைதான். அந்தத் துளை எல்லோரையும் ஒருமுறை ஏமாற்றும்! புகையோ தூசியோ ரொம்ப அடர்ந்தால், மேகத்தை நீக்கும் வடிகட்டி அதையும் மேகம் என்று தூக்கி எறிந்துவிடும். இயல்பு வண்ணத்தில் அதே இடத்தைப் பெரிதாக்குங்கள். காலிஃபிளவர் போலக் கூரான ஓரமும் பக்கத்தில் நிழலும் இருந்தால் மேகம். ஓரமே இல்லாமல் வழவழப்பாக இழுபட்டுக் கிடந்தால் துகள்தான்.

நீலவான்:
இழுபட்டுத்தான் கிடக்கிறது. சரி, இதில் எது மேலே, எது கீழே? தரையில் இருப்பவர்கள் சுவாசிப்பது எது?

கரித்துகள்:
இதுவரை பார்த்த வரைபடம் எதுவும் அதைச் சொல்லாது; எல்லாம் தரையிலிருந்து உச்சி வரை கூட்டிய கணக்கு. 2006 ஜனவரி, பிப்ரவரியில் நைஜர் பக்கம் விமானத்தில் பறந்து அளந்தவர்கள் பொதுவாகத் தூசியைக் கீழேயும் புகையை மேலேயும் கண்டார்கள். உங்கள் நாளிலும் அப்படியா என்று பார்க்க, லேசர் அனுப்பி எந்த உயரத்தில் துகள் இருக்கிறது என்று அளக்கும் லைடார் வேண்டும். லைடார் ஏந்திய செயற்கைக்கோள்களில் 2023 நடுப்பகுதி வரை காலிப்ஸோ, 2024 மே மாதம் ஏவியது எர்த்கேர். தேதியைச் சொல்லுங்கள், தடம் அந்தப் பக்கம் போனதா பார்ப்போம்.

நீலவான்:
2024 ஜனவரி.

கரித்துகள்:
சரியாக நடு இடைவெளியில் பிடித்திருக்கிறீர்கள்! அதே பருவத்தில் 2023 ஜனவரியிலிருந்து ஒரு நாளை எடுங்கள், காலிப்ஸோ தடத்தோடு சேர்த்துப் பார்க்கலாம்.