வெற்றி தோல்விக் கணக்கை எப்படிப் புரியவைப்பது?

எல்லோருக்கும் வணக்கம். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு விளையாட்டுப் போட்டிக் கணக்குகள் சொல்லிக்கொடுக்கிறேன். ஓரிடத்தில் சிக்கிவிட்டோம்.

‘40 ஆட்டங்கள், சமன் கிடையாது, தோல்வியைவிட வெற்றி 12 அதிகம்’ என்றால் 40-இல் 12-ஐக் கழித்து, 28 தோல்வி என்று எழுதிவிடுகிறாள். கூடுதலான 12-ஐத் தனியே எடுத்து வைத்தால் மீதி 28 சரிபாதியாகப் பிரியும், அதனால் தோல்வி 14, வெற்றி 26 என்று பொத்தான்களை அடுக்கிக் காட்டினேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்!

அப்புறம் வந்ததுதான் சிக்கல். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1, தோல்விக்கு 0. 20 ஆட்டங்களில் 4 தோல்வி, மொத்தம் 38 புள்ளி. வெற்றி எத்தனை? சமன்பாடு போட்டால் 11 வெற்றி, 5 சமன் என்று எனக்கு வருகிறது. ஆனால் அவள் இன்னும் இயற்கணிதத்தில் அவ்வளவு தூரம் போகவில்லை. மீதி 16-ஐயும் சமன் என்று வைத்தால் 16 புள்ளி, 22 குறைகிறது, ஒரு சமனை வெற்றியாக்கினால் 2 கூடும் என்றேன். ‘நடக்காததை ஏன் நடந்ததாக வைக்க வேண்டும்?’ என்கிறாள். நியாயமான கேள்விதான்.

படம் வரைந்தோ வேறு வழியிலோ இதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்.