கியூ பாண்டிச்சேரி சொல்லாம்ல! யாருப்பா இத கெளப்பி விட்டது

கெடிலக்கரையான்:
நேத்து மழை பத்தின திரியில முத்தியால்பேட்டை மச்சான் சம்பந்தமே இல்லாம நடுவுல வந்து "கியூ பிரெஞ்சு வார்த்தை, பாண்டிலேர்ந்துதான் தமிழ்நாட்டுக்கே போச்சு, கடலூர்க்காரங்க எங்ககிட்ட கத்துகிட்டது"ன்னு எழுதிட்டு போயிருக்காரு. நாலு பேரு அதுக்கு கை வேற தட்டுறீங்க. ஒரே ஒரு கேள்வி. பிரெஞ்சுக்காரன் கியூன்னா சொல்றான்? எழுத்து அதே எழுத்துதான், ஆனா அவன் வாய குவிச்சிகிட்டு 'கெ'க்கும் 'கு'க்கும் நடுவுல ஒரு சத்தம் விடுவான், அவ்ளோதான். அதுல 'யூ' எங்க இருக்கு? அந்த 'யூ' இங்கிலீஷ்காரன் போட்டது. நம்ம வாயில வர்றதும் 'கியூ'. அப்ப யாருகிட்டேர்ந்து வந்துச்சு? எங்க கடலூர் தேவனாம்பட்டினத்துல புனித டேவிட் கோட்டை இருக்குது, 1746ல மெட்ராஸை பிரெஞ்சுக்காரன் புடிச்சப்ப இங்கிலீஷ் கம்பெனிக்கு தலைமை எடமே அதான். யாரு யாருக்கு கத்து குடுத்தது?

முத்தியால்பேட்டை மச்சான்:
வந்துட்டாருய்யா கோட்டைக்கு சொந்தக்காரரு. அந்த வார்த்தைக்கு பிரெஞ்சுல வாலுன்னு அர்த்தம். புரட்சி நேரத்துல பாரிஸ்ல ரொட்டிக்கடை வாசல்ல ஜனங்க வாலு மாதிரி நீளமா நின்னாங்க, அதுக்கு வந்த பேரு. 1837ல கார்லைல்னு ஒருத்தரு அந்த புரட்சிய பத்தி எழுதினப்பதான் இங்கிலீஷ்லயே இந்த அர்த்தத்துல எட்டி பாக்குது. இங்கிலீஷ்காரனே எங்ககிட்ட கடன் வாங்கினவன், நீ அவன்கிட்ட கடன் வாங்கிட்டு எங்கள கேள்வி கேக்குற.

கெடிலக்கரையான்:
"எங்ககிட்ட"வா? நீ எப்போ பாரிஸ்ல பொறந்த? அது கெடக்கட்டும், 'யூ' எங்கன்னு கேட்டேன், அதுக்கு பதில காணோம். இன்னொன்னும் சொல்றேன் கேளு, உங்க பாண்டியில பிரெஞ்சுக்காரனுக்கு துபாஷியா இருந்த ஆனந்தரங்கப்பிள்ளை 1736லேர்ந்து 1761 வரைக்கும் பக்கம் பக்கமா டைரி எழுதி வச்சிருக்காரு, கவர்னர் துய்ப்ளேக்ஸ் தும்மினது கூட அதுல இருக்கும். அதுல எங்கயாச்சும் ஜனங்க கியூல நின்னாங்கன்னு காட்டு, நான் இந்த எடத்த விட்டே போறேன்.

ஓடி தம்பி:
அண்ணே, நீங்க சொன்ன 1746 கோட்டையும் 1837க்கு முன்னாடிதானே? அப்ப அந்த கோட்டையிலயும் எவனும் கியூல நின்னிருக்க மாட்டானே 😀

கெடிலக்கரையான்:
தம்பி பெரியவங்க பேசிட்டு இருக்கோம்.

வண்டிப்பாளையத்தான்:
ரெண்டு வெள்ளைக்காரனுக்கு நடுவுல எதுக்குய்யா பஞ்சாயத்து? வரிசைன்னு நம்ம சொல்லு இல்லியா? நிரை இல்லியா? எறும்பு போனா சாரை சாரையா போகுதுன்னு சொல்றோமே அது இல்லியா? வள்ளுவரே 528வது குறள்ல "பொதுநோக்கான் வேந்தன் வரிசையா நோக்கின்"னு எழுதி வச்சிட்டாரு. ரெண்டாயிரம் வருஷமா வரிசைல நிக்கிற இனம் நாம.

கெடிலக்கரையான்:
ஐயா, அந்த குறள்ல வரிசைன்னா தகுதி. ராஜா எல்லாரையும் ஒரே மாதிரி பாக்காம அவங்கவங்க தகுதிக்கு ஏத்தபடி பாக்கணும்னு அர்த்தம். புறநானூறுல கபிலர் "வரிசை அறிதலோ அரிதே"ன்னு சொல்றதும் அதான். முன்னாடி வந்தவனுக்கு முதல்லங்கிற உங்க ரேஷன் கடை நியாயத்துக்கு நேர் எதிர்! ஆளு யாருன்னு பாத்து குடுன்னு சொல்ற சொல்ல கொண்டாந்து கியூல நிறுத்துறீங்க. இதெல்லாம் படிக்காம குறள் நம்பர மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு வந்துர்றது.

வண்டிப்பாளையத்தான்:
எனக்கு நீ குறள் சொல்லிக் குடுக்குற அளவுக்கு வந்துட்ட. தாய்மாமன் சீர்வரிசை தட்டு ஒண்ணு பின்னாடி ஒண்ணா போகல? அதுவும் தகுதிதானா?

கெடிலக்கரையான்:
தட்டு போகுது, ஆளு காத்துகிட்டு நிக்கல. சம்பந்தம் இல்லாம பேசாதீங்க.

லாஸ்பேட்டை அக்கா:
சாமி, வீட்ல யாரும் இப்டி பேசறதில்ல. "எவ்ளோ பெரிய கியூ பாரு"ன்னு சொல்லுவோம், "வரிசையா நில்லுங்கடா"ன்னு புள்ளைங்கள சொல்லுவோம், எவனாவது நடுவுல பூந்தா "லைன்ல வாப்பா"ன்னு சத்தம் போடுவோம். மூணும் மூணு வேலை செய்யுது. கியூங்கிறது அங்க நிக்கிற கூட்டம், வரிசைங்கிறது நிக்கிற ஒழுங்கு, லைன்ங்கிறது சண்டைக்கு. திருப்பதிலயே வைகுண்டம் கியூ காம்ப்ளெக்ஸ்னுதான் பேரு, பெருமாளுக்கே பிரச்சனை இல்ல, உங்களுக்கு என்ன?

முத்தியால்பேட்டை மச்சான்:
அக்கா சொன்னது கரெக்ட்டு. கியூ எங்க ஊர்ல தன்னால வாயில வருது, அதான் சொல்றேன்.

கெடிலக்கரையான்:
தன்னால வருதாம். உங்க ஊர்ல பல வருஷம் ரேஷன் கடையே தொறக்கல, அரிசிக்கு பதிலா பேங்க் அக்கவுண்ட்ல காசு போட்டாங்க. கியூல நிக்கவே ஆளில்லாத ஊருக்கு கியூ தன்னால எப்டி வந்துச்சு? இன்னும் 'யூ'வுக்கு பதில் வரல. நான் மறக்கல.

முத்தியால்பேட்டை மச்சான்:
ரேஷன் பத்தி நீ பேசாத. சனிக்கெழம சாயங்காலம் ஆனா ஆல்பேட்டை செக்போஸ்ட்ட தாண்டி எங்க பக்கம் கன்னியக்கோயில் சரக்கு கடையில வந்து நிக்கிறது எந்த ஊரு வண்டி? நம்பர் பிளேட்ட படிச்சி காட்டவா? எங்க ஊர்ல கியூ இருக்கிறதே உங்களாலதான்யா.

ஓடி தம்பி:
😂😂 அண்ணே இதுக்கு பதில் சொல்லுங்க

கெடிலக்கரையான்:
நான் குடிக்கிற பழக்கம் இல்லாதவன், என்ன தெரிஞ்சவங்களுக்கு தெரியும். பேச்சுக்கு பதில் இல்லாதவன்தான் சரக்குக்கு போவான். 2011 டிசம்பர் 30 தானே புயல் அடிச்சிட்டு போனப்ப மெழுகுவத்திக்கும் தண்ணிக்கும் நாள் கணக்குல நின்னோமே, அப்ப எங்க ஊர்ல சின்ன பையன்லேர்ந்து கெழவி வரைக்கும் கியூன்னுதான் சொன்னாங்க, ஒருத்தரும் பாண்டிக்கு வந்து டியூஷன் படிக்கல.

லாஸ்பேட்டை அக்கா:
தானே எங்கள மட்டும் விட்டுட்டு போச்சா? எங்களுக்கும்தான் மரம் விழுந்துச்சு, கரண்ட் இல்ல. எல்லாத்தையும் உங்க ஊருக்கே பட்டா போட்டுக்கோங்க.

நிர்வாகி:
ஊர் பேரு சொல்லி தாக்க வேணாம். சரக்கு பத்தின பேச்ச இதோட நிறுத்திக்கோங்க.

கெடிலக்கரையான்:
நிர்வாகி பாண்டிக்காரருன்னு எல்லாருக்கும் தெரியும். சரக்க ஆரம்பிச்சது யாரு, ஓலை யாருக்கு வருது பாருங்க. போன தடவ மல்லாட்டை திரியிலயும் இதேதான் நடந்துச்சு. மணிலாக்கொட்டைதான் மல்லாட்டை ஆச்சுன்னு நான் பொறுமையா எழுதிகிட்டு இருக்கேன், பாதியில பூட்டிட்டு போயிட்டாரு.

வண்டிப்பாளையத்தான்:
அன்னிக்கும் வேர்க்கடலைன்னு நல்ல தமிழ் இருக்குன்னு நான்தான் சொன்னேன். எவன் கேட்டான்.

கெடிலக்கரையான்:
யாரு வேணாம்னா? பண்ருட்டி சந்தையில போயி வேர்க்கடலைன்னு கேளுங்க, உங்கள டவுன்காரருன்னு நெனச்சி ரெண்டு ரூவா ஏத்தி சொல்லுவான்.

முத்தியால்பேட்டை மச்சான்:
எங்க தாத்தா சொல்தா. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கினவரு, பிரெஞ்சு தண்ணி பட்ட பாடு. உனக்கு என்ன தெரியும் பிரெஞ்சு உச்சரிப்பு பத்தி?

கெடிலக்கரையான்:
அப்டி வா வழிக்கு. சொல்தா தாத்தா பென்ஷன் வாங்க போறப்ப எதுல நிக்கிறேன்னு சொன்னாரு? கியூன்னா? உண்மைய சொல்லு.

முத்தியால்பேட்டை மச்சான்:
அவரு எங்க நின்னாரு, சொல்தாங்களுக்கு நாற்காலி போடுவாங்க.

ஓடி தம்பி:
அய்யோ 😂

கெடிலக்கரையான்:
பாத்துக்கோங்க மக்களே, கியூல நிக்காத தாத்தாவ சாட்சிக்கு கூட்டிட்டு வந்திருக்காரு. இதுக்கு மேல நான் என்ன சொல்ல. ஆனந்தரங்கப்பிள்ளையும் வரல, 'யூ'வும் வரல.

முத்தியால்பேட்டை மச்சான்:
எதுனாலும் வார்த்தை பிரெஞ்சு. எழுதி வச்சுக்கோ.

வண்டிப்பாளையத்தான்:
எதுனாலும் வரிசை.

கெடிலக்கரையான்:
நிர்வாகி, மொதல்ல அந்த மல்லாட்டை திரிய தொறங்க. அதுல இவரு கடைசியா எழுதினதுக்கு நான் பதில் டைப் பண்ணி வச்சிருக்கேன், ரொம்ப நாளா போன்லயே கெடக்கு.