புதுப்பிப்பு: சோலானா டிப்ளாய் பாதியில் நின்று சோல் மாட்டிக்கொண்டது – தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. விஷயம் தெரியாதவர்களுக்கு: காரைக்குடி கண்டாங்கிச் சேலைகளுக்கு எண் பதியும் சின்ன நிரலை, சோலானா பிளாக்செயினின் சோதனை வலையமைப்பான டெவ்நெட்டில் ஏற்றும்போது (இதுதான் டிப்ளாய்) கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தது. நிரல் ஏறவில்லை, வாலட்டில் சோல் (சோலானாவின் நாணயம்) மட்டும் குறைந்திருந்தது.

“பஃபர் கணக்கைப் பாருங்கள்” என்று மதுரை அண்ணன் சொன்னதுதான் பலித்தது. ஒரு பரிவர்த்தனைக்கு 1,232 பைட்தான் உச்சம் என்பதால், நிரல் துண்டு துண்டாக முதலில் பஃபர் கணக்கு என்ற தற்காலிகக் கணக்கில் சேர்கிறது. சோல் அங்கேதான் முடங்கிக் கிடந்தது.

டெர்மினலில் வந்த பிழைச் செய்திக்குக் கீழேயே அந்தப் பஃபர் கணக்கின் சாவியை மீட்க உதவும் 12 சொற்கள் இருந்தன. ‘சோலானா-கீஜென் ரெகவர்’ கட்டளையில் ‘-ஓ’ போட்டு, சாவியைச் சேமிக்க ஒரு புதுக் கோப்புப் பெயர் கொடுத்தேன். சொற்களைத் தட்டும்போது திரையில் ஒன்றுமே தெரியாது. கீபோர்டு செத்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். பாஸ்ஃப்ரேஸ் (கூடுதல் கடவுச்சொல்) கேட்டால் வெறும் என்டர் போதும். அப்புறம் ‘சோலானா ப்ரோக்ராம் டிப்ளாய்’ கட்டளையில் ‘--பஃபர்’ என்று அந்தக் கோப்பைக் காட்டினேன். நிரல் ஏறிவிட்டது.

ஏர்டிராப்பில் (சோதனைக்கு இலவசமாகச் சோல் தரும் வசதி) இன்னும் சோல் வாங்கச் சொன்ன யோசனை எனக்குச் சரிப்படவில்லை. பழைய பஃபரைக் காட்டாமல் மறுபடி ஓட்டினால் புதுசாக இன்னொன்று உருவாகும், அதிலும் சோல் முடங்கும்.

12 சொற்களைத் தொலைத்தவர்கள் ‘சோலானா ப்ரோக்ராம் க்ளோஸ் --பஃபர்ஸ்’ கொடுங்கள். சோல் திரும்பிவிடும், ஆனால் நிரலை முதலிலிருந்து ஏற்ற வேண்டும்.