தடை தாண்டும்போது குதிரையின் பிடரி மயிரைப் பிடிக்கலாமா, கூடாதா?

குளம்பொலி:

தடை தாண்டும்போது நடுக்கம் போக என்ன செய்யலாம் என்று சென்ற வாரம் ஒரு புதியவர் இங்கே கேட்டிருந்தார். அதற்குக் கடிவாளம்72 அளித்த விடை: "பிடரியைப் பிடித்துக்கொண்டு தாண்டுபவர் குதிரையின் மேல் ஏற்றிய மூட்டை, அவர் ஒருநாளும் சவாரிக்காரர் ஆக மாட்டார்." இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. ஒன்பது ஆண்டுகளாகத் தொடக்கநிலை மாணவர்களுக்குத் தாண்டல் கற்றுத் தருகிறேன். அவர்கள் அனைவருக்கும் நான் முதலில் சொல்வது, பிடரியைப் பிடியுங்கள் என்பதுதான்.

காரணம் குதிரையின் வாய். தடைக்கு மேலே எழும்போது குதிரை கழுத்தை முன்னும் கீழுமாக நீட்டுகிறது. அந்த நீட்சி இல்லாமல் அதன் முதுகு வளைந்து எழாது. பழகியவரின் கை கழுத்தோடு சேர்ந்து போகும். புதியவரின் உடல் ஒரு கணம் பின்தங்கும், கை மேலே எழும், கடிவாள வார் வெடுக்கென்று இறுகும், அந்த அடி முழுவதும் பல் இல்லாத ஈறின் மேல் இருக்கும் இரும்பில் போய் இறங்கும். எங்கள் லாயத்தில் ஒரு பெட்டைக் குதிரை இருக்கிறது. ஒரே பாடத்தில் நான்கு முறை அப்படி இழுபட்டது. ஐந்தாம் முறை தடைக்கு மூன்று எட்டுத் தொலைவு இருக்கும்போதே அதன் காதுகள் பின்னால் திரும்பின, வாய் திறந்தது, தலை மேலே போனது, அப்படியே நின்றுவிட்டது. மேலே இருந்தவர் அதைப் பிடிவாதக் குதிரை என்றார். வலியை நினைவில் வைத்திருந்தது பிடிவாதம் ஆகுமா?

கடிவாளம்72:

என் சொல்லை முழுமையாக எடுத்துக்காட்டியதற்கு நன்றி. அதில் ஓர் எழுத்தையும் நான் மாற்றப் போவதில்லை. தாண்டலில் உடலைத் தாங்குவது கால். கெண்டைக்கால் சேணத்தின் பக்கத்தில் அசையாமல் நின்று, எடை குதிகாலுக்கு இறங்கினால், கைக்குப் பிடிமானமே தேவைப்படாது. பிடரியைப் பிடிக்கப் பழகியவர் எடையைக் காலிலிருந்து கைக்கு மாற்றிவிடுகிறார். கால் பின்னால் நழுவுகிறது, மார்பு கழுத்தின் மேல் சரிகிறது, குதிரை தடைக்கு முன் நின்றால் அவர் மட்டும் தடையைத் தாண்டிப் போய் விழுகிறார். இதை நான் நூறு முறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் கற்பவர்கள் வாரை முடிச்சிட்டுக் கழுத்தின் மேல் போட்டுவிட்டு, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, வரிசையாக வைத்த தாழ்வான தடைகளைத் தாண்டுகிறார்கள். குதிரையின் வாய்க்கு அதைவிடப் பாதுகாப்பு உண்டா? உங்களிடம் ஒரே ஒரு கேள்வி: உங்கள் மாணவர்கள் எப்போது பிடரியை விடுவார்கள்?

குளம்பொலி:

கைகளை நீட்டித் தாண்டும் பயிற்சியை நானும் தருகிறேன். ஆனால் அது பத்தாவது பாடமோ இருபதாவது பாடமோ ஆகுமே தவிர முதல் பாடம் ஆகாது. இரு பக்கமும் வேலியடைத்த பாதையும், தானாகவே நேராகப் போகும் குதிரையும் இருந்தால்தான் அது நடக்கும்.

கால் நழுவுவதற்குக் காரணம் பிடரி என்று நீங்கள் சொல்வது தவறு. முழங்காலை இறுக்குவதுதான் காரணம். பயந்தவர் முழங்காலால் சேணத்தைக் கவ்வுகிறார். உடனே முழங்கால் அச்சாக மாறுகிறது, அதற்குக் கீழே இருக்கும் கால் பின்னால் ஊசலாடுகிறது, குதிகால் எழும்புகிறது, மேலுடல் முன்னால் கவிழ்கிறது. பிடரியைத் தொடாதவருக்கும் இது நடக்கும். இதைச் சரிசெய்ய அங்கவடி (சேணத்திலிருந்து தொங்கும் கால் வளையம்) வாரை இரண்டு துளை குறுக்கி, குதிரை நிற்கும்போதும், பிறகு நடக்கும்போதும், பிறகு ட்ராட் என்னும் துள்ளுநடையிலும், அங்கவடியின் மேல் அரைநிலையில், அதாவது இடுப்பைச் சேணத்திலிருந்து சற்றே தூக்கி, எழுந்து 30 வரை எண்ணச் சொல்கிறேன். பின்னால் சேணத்தில் தொப்பென்று விழுந்தால் கால் முன்னே போயிருக்கிறது. கழுத்தின் மேல் சரிந்தால் கால் பின்னே போயிருக்கிறது. அந்த 30 எண்ணிக்கையில் ஒருமுறைகூட விழாதவரைத்தான் குறுக்குக் கம்புத் தடைக்கு (இரு கம்புகளை X வடிவில் வைத்த தாழ்வான தடை) அழைத்துச் செல்கிறேன். அப்போதும் பிடரியைப் பிடித்துத்தான்.

சொல்லாய்வாளர்:

ஒரு சிறு குறிப்பு. குளம்பொலி அவர்கள் அங்கவடி என்கிறார். சென்ற வாரம் கடிவாளம்72 அவர்கள் ஸ்டிரப் என்று எழுதினார். அங்கவடி நம்மிடம் நெடுங்காலமாகப் புழங்கும் சொல். அதை விட்டுவிட வேண்டாமே என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடிவாளம்72:

மைதானத்தில் ஸ்டிரப் என்று கத்தினால் மாணவருக்கு உடனே புரிகிறது. அங்கவடி என்றால் திரும்பிப் பார்த்து என்னவென்று கேட்கிறார், அதற்குள் குதிரை தடைக்கு வந்துவிடுகிறது. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை.

நடுவட்டம்:

முதலில் பிடிப்பது என்றால் என்னவென்று இருவரும் ஒரு வரையறைக்கு வர வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டு விரலால் ஒரு கற்றையைத் தொட்டுக்கொண்டிருப்பதும் பிடிப்பதுதான்; முழு எடையையும் அதில் தொங்கவிடுவதும் பிடிப்பதுதான். கடிவாளம்72 எதிர்ப்பது இரண்டாவதையும், குளம்பொலி சொல்வது முதலாவதையும் என்றால், இந்தச் சண்டைக்கு இடமே இல்லை.

கடிவாளம்72:

வரையறையெல்லாம் தேவையில்லை. பிடிப்பது பிடிப்பதுதான். 1949 பிப்ரவரி 5 அன்று சிலி நாட்டில் கேப்டன் ஆல்பெர்தோ லாராகீபெல், உவாசோ என்ற குதிரையில் 2.47 மீட்டர் உயரத்தைத் தாண்டினார். அந்த உயரத்தை இன்றுவரை எவரும் மிஞ்சவில்லை. பிடரியில் தொங்கிக்கொண்டா அந்த உயரத்துக்குப் போக முடியும்?

குளம்பொலி:

2.47 மீட்டரைத் தாண்டியவரின் கையையும், அரை மீட்டர்கூட இல்லாத குறுக்குக் கம்பின் முன் மூச்சடைத்து நிற்பவரின் கையையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறீர்கள். அந்தச் சாதனைக்குப் பின்னால் எத்தனை ஆண்டுப் பயிற்சி இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாதா? நடக்கப் பழகும் குழந்தை சுவரைப் பிடிக்கக் கூடாது என்று எவராவது சொல்வார்களா?

சரித்திரத்தைத் தொடங்கியது நீங்கள்தான் என்பதால் நானும் சொல்கிறேன். இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெதெரிகோ காப்ரில்லி (1868–1907) வரும்வரை, தடையின் மேல் பின்னால் சாய்ந்து வாரை இழுப்பதுதான் முறை என்று படைகள் நம்பின. குதிரையின் வாயையும் முதுகையும் விடுவியுங்கள், அங்கவடியைக் குறுக்கி அதன் அசைவோடு நீங்கள் முன்னே செல்லுங்கள் என்று அவர் மாற்றிக் காட்டினார். இன்று உலகமே தாண்டுவது அவர் காட்டிய இருக்கை முறையில்தான். குதிரையைத் தடுக்காதே என்பது அவருடைய முறையின் உயிர். தன் கை குதிரையைத் தடுத்துவிடும் என்று அறிந்த புதியவர், அந்தக் கையைப் பிடரியில் கட்டிவைப்பது அதே உயிரைக் காப்பதுதான்.

கடிவாளம்72:

காப்ரில்லி பிடரியைப் பிடிக்கச் சொன்னாரா? சொல்லவில்லை. அவர் சொல்லாததை அவர் வாயில் திணிக்காதீர்கள். இதே வேலையை நீங்கள் முன்பு லாடம் பற்றிய விவாதத்திலும் செய்தீர்கள். நான் சொல்லாத ஒன்றை நான் சொன்னதாக எழுதினீர்கள், நான் சுட்டிக்காட்டிய பிறகும் திருத்தவில்லை. நான் அதை மறக்கவில்லை.

குளம்பொலி:

லாட விவாதத்தில் நான் எழுதியது உங்கள் சொந்த வரியைத்தான். அதை நீங்கள் பிறகு மாற்றிவிட்டு என்னைக் குறை சொன்னீர்கள். அந்தப் பழங்கணக்கை இங்கே இழுத்து வருவது, பிடரி பற்றிச் சொல்ல உங்களிடம் புதிதாக எதுவும் இல்லை என்பதைத்தான் காட்டுகிறது.

புதுச்சேணம்:

சென்ற வாரம் கேட்டவன் நான்தான். கற்கத் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது, இரண்டு முறை விழுந்திருக்கிறேன். பிடரியைப் பற்றி நான் கேட்கவே இல்லை. தடைக்கு மூன்று எட்டு இருக்கும்போது என் கண் தானாகவே கம்பின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது, மூச்சு நின்றுவிடுகிறது, எப்போது தாண்டினோம் என்பதே நினைவில் இருப்பதில்லை. இதற்கு என்ன செய்வது என்றுதான் கேட்டேன்.

குளம்பொலி:

நண்பரே, உங்களை விட்டுவிட்டு நாங்கள் பேசிக்கொண்டிருந்ததற்கு வருந்துகிறேன். மனிதத் தலை ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ளது. கம்பைக் குனிந்து பார்த்தால் அந்த எடை முழுவதும் முன்னே போகிறது, தோள் வட்டமாகிறது, கால் பின்னே வழுக்குகிறது. தடைக்கு அப்பால், உங்கள் கண்மட்டத்தில் இருக்கும் ஒரு மரத்தையோ வேலிக்கம்பத்தையோ முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, திருப்பத்திலிருந்து வெளிவந்ததுமே அதைப் பார்க்கத் தொடங்குங்கள். கம்பைக் குதிரை பார்த்துக்கொள்ளும். அதன் நெற்றிக்கு நேர் முன்னே அதற்குப் பார்வை கிடையாது. எனவே நெருங்க நெருங்கத் தலையைத் தானே சரிசெய்துதான் தடையைக் கணிக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் வாரை இழுக்காமல் இருந்தாலே அதற்குப் பேருதவி.

மூச்சுக்கு, ஒவ்வோர் எட்டையும் வாய்விட்டு எண்ணுங்கள். எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது. முதலில் தடையே வேண்டாம். தரையில் நான்கு கம்புகளைச் சுமார் 1.3 மீட்டர் இடைவெளியில் வைத்து அரைநிலையில் ட்ராட்டில் கடந்து பாருங்கள். குதிரையின் எட்டுக்கு ஏற்ப இடைவெளியை உங்கள் ஆசிரியர் கூட்டியோ குறைத்தோ தருவார். அது சலிக்கும் அளவுக்குப் பழகிய பிறகு, கடைசிக் கம்புக்கு அப்பால் இரண்டரை மீட்டர் அளவில் ஒரு சிறு குறுக்குக் கம்புத் தடையை வைக்கச் சொல்லுங்கள். கடைசிக் கம்பைக் கடப்பதற்கு முன்பே, தோள்மேட்டிலிருந்து (கழுத்தும் முதுகும் சேரும் மேடு) கழுத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், வாரோடு சேர்த்து ஒரு பிடிப் பிடரியைப் பற்றிக்கொள்ளுங்கள். தடை வந்த பிறகு தேடினால் கைக்கு அகப்படாது.

கடிவாளம்72:

கண், மூச்சு, தரைக்கம்பு ஆகியவற்றைப் பற்றி அவர் சொன்னது சரி; அது நானும் சொல்லித் தருவதுதான், ஆகவே அதை அவருடைய கண்டுபிடிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கடைசி இரண்டு வரியை மட்டும் பின்பற்றாதீர்கள். கை எதையாவது பற்றியே தீர வேண்டும் என்றால், குதிரையின் கழுத்தில் ஒரு தோல் வாரைக் கட்டி அதைப் பிடியுங்கள்.

நடுவட்டம்:

கழுத்து வாரைப் பிடிக்கலாம், பிடரியைப் பிடிக்கக் கூடாது என்கிறீர்களா? இரண்டும் கழுத்தின் மேல்தானே இருக்கின்றன?

கடிவாளம்72:

ஆம், அப்படித்தான் சொல்கிறேன். வாரைப் பாடம் முடிந்ததும் கழற்றிவிடலாம். பிடரி எப்போதும் இருக்கும். கை அதைத் தேடிக்கொண்டே இருக்கும்.

குளம்பொலி:

இத்தனை நாளாகப் பிடிமானமே கூடாது என்று முழங்கியவர், இப்போது பிடிமானம் உண்டு, ஆனால் அது தோலாக இருக்க வேண்டும் என்கிறார். குதிரையின் வாய்க்கு இரண்டும் ஒன்றுதான். சவாரிக்காரருக்கோ, தோல் வார் சில வேளைகளில் கழுத்தைச் சுற்றி நழுவும், பிடரி நழுவாது. மூட்டை என்று எழுதிய சொல்லை நீங்கள் திரும்பப் பெற வேண்டும். விழுந்து எழுந்து, உடல் நடுங்க மறுபடியும் சேணத்தில் ஏறுகிற ஒருவரைப் பார்த்துச் சொல்லக் கூடாத சொல் அது.

கடிவாளம்72:

திரும்பப் பெற மாட்டேன்.

குளம்பொலி:

நாளைக் காலைப் பாடத்தில் மூன்று பேர் முதல்முறையாகத் தாண்டப் போகிறார்கள். மூவரும் பிடரியைப் பிடித்துத்தான் தாண்டுவார்கள்.

கடிவாளம்72:

எப்போது விடுவார்கள் என்று தொடக்கத்திலேயே கேட்டேன். இன்னும் நீங்கள் சொல்லவில்லை.