‘ரிவோக்’ கட்டளைக்கு ‘உரிமை மீட்பு’ வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

தரவுத்தளங்களைக் கையாளும் எஸ்க்யூஎல் மொழியின் கட்டளைகளுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலுக்கு என் பங்கு இது. ஒரு பயனருக்குத் தரவைப் படிக்கவோ மாற்றவோ உரிமை தரும் கிராண்ட் கட்டளைக்கு ‘உரிமையளிப்பு’ என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ‘வழங்கல்’ என்றும் சிலர் எழுதியிருந்தீர்கள். சர்வரை ஏற்கெனவே ‘வழங்கி’ என்கிறோம். ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் படிப்பவர் தடுமாறுவார்.

என் வழக்கெல்லாம், அப்படி அளித்த உரிமையை நீக்கும் ரிவோக் கட்டளைக்கு முன்மொழிந்த ‘உரிமை மீட்பு’ பற்றியது. தமிழில் உரிமையை மீட்பவர் அதை இழந்தவர். இங்கே நடப்பதோ நேர் எதிர்: கொடுத்தவர் எடுத்துக்கொள்கிறார். தவிர, பழுதான தரவுத்தளத்தைக் காப்பு நகலிலிருந்து கொண்டுவருவதையும் மீட்பு என்றுதான் சொல்கிறோம். ‘மறுப்பு’ என்பதும் பொருந்தாது. மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரில் அதற்கு ‘டினை’ என்று தனிக் கட்டளையே இருக்கிறது. வேறு வழியாகக் கிடைத்த உரிமையையும் அது தடுக்கும். ரிவோக் எதையும் தடுக்காது.

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் வேலை பார்த்தபோது இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். கணக்கர் ஒருவர் விலகிப் போனார். பீஸ் ரேட் கூலி அட்டவணையைப் படிக்க அவருக்கு இருந்த உரிமையை ரிவோக் செய்தேன். கட்டளை பிழையின்றி ஓடியது. அவருடைய பயனர் பெயரில் நுழைந்து பார்த்தால், ஒவ்வொரு டெய்லரின் வாரக் கூலியும் வரிசையாகத் திரையில் வந்து நின்றது. முன்பே யாரோ அதே உரிமையை ‘பப்ளிக்’ என்று எல்லோருக்கும் அளித்திருந்தார்கள். கையேட்டில் ‘உரிமை பறிப்பு’ என்று இருந்திருந்தால் நான் நுழைந்துகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

ஆகவே ‘திரும்பப்பெறு’ என்று முன்மொழிகிறேன். கொடுத்ததை மட்டுமே திரும்பப் பெற முடியும். 1976-இல் ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் என்ற தரவுத்தள ஆய்வுத் திட்டத்துக்காகக் கிரிஃபித்ஸும் வேடும் எழுதிய கட்டுரையின் கருத்தும் இதுவே: ரிவோக்குக்குப் பின், அந்த உரிமை அளிக்கப்படவே இல்லை என்றால் எப்படி இருந்திருக்குமோ அந்த நிலைக்கு எல்லாம் திரும்ப வேண்டும்.

பெற்ற உரிமையைப் பிறருக்கும் அளிக்கலாம் என்ற ‘வித் கிராண்ட் ஆப்ஷன்’ அடுத்தது. அதற்கு முன்மொழிந்த ‘கைமாற்று’ என்றால் எங்கள் ஊரில் கடன். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் அதில் ஒரு பகுதியை இன்னொருவருக்கு விட்டால் அது உள்குத்தகை. மூலக் குத்தகை முறிந்தால் அடுத்த வெட்டுக்கு ஆள் கூட்டி வரும் உள்குத்தகைக்காரருக்கும் தோப்பில் இடமில்லை. அந்த வழியில் இதை ‘உள்ளளிப்பு’ எனலாம். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் உள்ளளிப்பு ஏதேனும் நிற்கும்போது மூல உரிமையைத் திரும்பப்பெற முயன்றால் கட்டளை பிழை காட்டி நின்றுவிடும். அங்கே ‘கேஸ்கேட்’ என்று சேர்த்தால்தான் கிளைகளும் சேர்ந்து விழும்.

அந்தக் கேஸ்கேடுக்கு ‘தொடர்’ என்ற முன்மொழிவு, வேலையைத் தொடரச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் கடைசி வயலை எட்டியதா என்பதைக் கடைமடை வரை வந்ததா என்றுதான் கேட்பார்கள். ‘கடைமடைவரை திரும்பப்பெறு’ என்று எழுதினால் எதுவரை போகும் என்பது ஐயமின்றி விளங்குகிறது. டெல்டா நண்பர்களுக்கும் இந்தச் சொல் பழக்கமானதுதான். அவர்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.