"ஏதாவது தப்புத்தண்டா செய்துவிட்டானா?" – கடக்வாஸ்லாவுக்குப் பிள்ளையை அனுப்பியபோது கேட்ட கேள்விகள்

தென்காசிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா

என் மகன் புனே பக்கம் கடக்வாஸ்லாவில், முப்படைகளுக்கும் அதிகாரிகளை உருவாக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் ஐந்தாவது டெர்மில் (ஆறு மாதம் ஒரு டெர்ம்) இருக்கிறான். இந்த இரண்டு ஆண்டுகளில் கல்யாண வீட்டிலும் ரேஷன் கடை வரிசையிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை எழுதி வைத்திருந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைந்திருக்கும். உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். இங்கே எழுதுங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்களுக்கு உதவும்.

அவன் ரயில் ஏறுவதற்கு ஒரு வாரம் முன்பு என் நாத்தனார் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் கறுப்பு டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. மூடியில் அவன் பெயரை வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தோம், இன்னும் காயவில்லை. நாத்தனார் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுக்களைக்குள் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தி, "மதினி, நன்றாகப் படிக்கிற பிள்ளைதானே? ஏதாவது தப்புத்தண்டா செய்துவிட்டானா?" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. எங்கள் ஊரில் பட்டாளம் என்றால் அடங்காத பிள்ளையைத் திருத்த அனுப்பும் இடம், அல்லது படிப்பு ஏறாதவன் மைதானத்தில் ஓடிக்காட்டிச் சேரும் வேலை. சிப்பாயாகச் சேர்கிறவரை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் அப்பாவே ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் இது வேறு வழி. யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தும் தேர்வு. கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொதுத் திறனுக்கு 600. தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். அதைத் தாண்டினால் எஸ்.எஸ்.பி. என்னும் படைத் தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் நேர்முகம், அதற்கு இன்னொரு 900. பிறகு மருத்துவப் பரிசோதனை. அப்புறமும் தரவரிசைப் பட்டியலில் பெயர் வர வேண்டும். நாத்தனாருக்கு இவ்வளவையும் அரிசி களைந்துகொண்டே சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை.

இன்னொன்று, பணம். தெருவில் ஒருவர் கைமாற்றுக் கேட்டு வந்தார். "மகன்தான் மாதம் ஐம்பத்தாறாயிரம் வாங்குகிறானே" என்றார். கடக்வாஸ்லாவில் மூன்று ஆண்டுகளும் சம்பளம் கிடையாது. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, சீருடை எல்லாம் அரசின் செலவு. கைச்செலவுக்கு நாம்தான் அனுப்புகிறோம், சேரும்போது ஒரு தொகை கட்ட வேண்டும். அதற்கு என் இரண்டு வளையல்களை அடகு வைத்தேன், இப்போது மீட்டுவிட்டேன். அந்த 56,100 ரூபாய் உதவித்தொகை அடுத்த கட்டத்தில், தரைப்படைப் பிள்ளைகள் டேராடூன் ராணுவ அகாடமிக்குப் போன பிறகுதான்.

"பிள்ளையை நாட்டுக்கு நேர்ந்துவிட்டீர்கள், இனி அவன் உங்களுக்கு இல்லை" என்றும் சொன்னார்கள். முதல் டெர்ம் முடிந்து டிசம்பரில் வந்தான். வந்ததும் சொதி கேட்டான். தட்டு வைத்த இடத்திலேயே தலை சாயும் அளவுக்குத் தூக்கம். அவன் ஆச்சி முழங்கையைத் தூக்கிப் பார்த்தார். தோல் கறுத்துக் காய்ப்புக் காய்த்திருந்தது. "அடித்தார்களா அய்யா?" என்றார். "இல்லை ஆச்சி, ஊர்ந்தது, குட்டிக்கரணம் போட்டது" என்று சிரித்தான். ஆச்சி சிரிக்கவில்லை. தேங்காய் எண்ணெயை எடுத்து வந்து, அவன் தூங்கிய பிறகு இரண்டு முழங்கையிலும் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சிவகங்கை மாவட்டம், ஓய்வு பெற்ற கடற்படை அதிகாரி

அம்மா, உங்கள் ஆச்சி எனக்கு என் அப்பத்தாவை நினைவுபடுத்திவிட்டார்.

நான் சேர்ந்தது 1980களில். எங்கள் ஊர்க் கண்மாய் ஆண்டில் நான்கு மாதம்தான் தண்ணீர் காணும். கடற்படை என்றதும், "நீச்சல் தெரியாதவனைக் கப்பலில் ஏற்றுவார்களா?" என்று டீக்கடையில் எல்லோரும் கேட்டார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அங்கே போய்ப் பார்த்தால் என் ஸ்குவாட்ரனில் (கேடட்கள் சேர்ந்து தங்கும் பிரிவு) நீச்சல் தெரியாதவர்கள் வரிசையாக நின்றார்கள். ராஜஸ்தான் பையன் ஒருவன் அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்ததே இல்லை. கற்றுக்கொடுக்கத்தான் அகாடமி இருக்கிறது. எல்லாம் தெரிந்தவனை எதிர்பார்த்து யாரும் அங்கே காத்திருக்கவில்லை.

அடுத்தது இந்தி. வகுப்புகள் ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆனால் அணிவகுப்புக் கட்டளை இந்தியில். முதல் வாரம் உஸ்தாத் (பயிற்சி கொடுப்பவர்) "தேஸ் சல்" (வேகமாக நட) என்றால் எனக்கு விளங்காது. பக்கத்தில் நின்றவனின் பூட்ஸைப் பார்த்துக் காலை எடுத்து வைத்தேன். அரை நொடி தாமதம். உஸ்தாதுக்கு அது போதும், மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். ஆறு வாரத்தில் கனவிலேயே அந்தக் கட்டளை கேட்க ஆரம்பித்துவிட்டது. இந்தி தெரியாது என்ற ஒரே காரணத்துக்காக எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் விண்ணப்பிக்காமல் விடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. எழுத்துத் தேர்வின் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழ்வழியில் படித்த பிள்ளை கணக்கைச் சரியாகப் போடத் தெரிந்தும் கேள்வி புரியாமல் நிற்கிறான். பள்ளிகள் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

"நாள் முழுக்க ஓட்டமும் துப்பாக்கியும்தானே?" என்று என் சம்பந்தியே கேட்டார். மூன்று ஆண்டு முடித்தால் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பட்டம் கையில் இருக்கும். விடியும் முன் டிரில் அல்லது உடற்பயிற்சி, சைக்கிளில் அணியாக வகுப்புக்கு, மாலையில் விளையாட்டு, இரவில் கட்டாயப் படிப்பு நேரம். படிப்பில் தவறினால் ஆறு மாதம் பின்னுக்குத் தள்ளி ஜூனியர்களோடு உட்கார வைப்பார்கள். உடம்பு எஃகு போல இருந்த ஒருவன் கணிதத்தில் தவறிப் பின்தங்கியபோது சைக்கிள் கொட்டகையில் நின்று அழுதான். மறுநாள் காலை அவன்தான் எனக்கு முன்னால் அணியில் நின்றான்.

அதே சம்பந்தி என் பழைய படத்தில் இருந்த குவிமாடத்தைக் காட்டி, எந்த ராஜாவின் அரண்மனை என்றார். அது அகாடமியில் உள்ள சூடான் பிளாக் என்னும் கட்டடம். இரண்டாம் உலகப் போரில் சூடான் பகுதியில் போரிட்ட இந்தியப் படைவீரர்களின் நினைவாக அந்த நாடு கொடுத்த பணத்தில் எழுந்தது.

திருச்சி, வங்கி ஊழியர்

நான் 2012இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். பள்ளி என்.சி.சி.யில் சார்ஜென்ட். "பெண்களுக்கு அங்கே இடமில்லை" என்று எங்கள் ஆசிரியை சொன்னார். அன்று அது உண்மை. யாரையும் குறை சொல்ல முடியாது.

போன வருடம் என் அக்கா மகள் விண்ணப்பிக்கப்போகிறேன் என்றபோது, அதே வாக்கியத்தை என் அத்தை சொன்னார். "எடுத்தாலும் நர்ஸாகத்தான் எடுப்பார்கள்" என்று கூடுதலாக ஒன்றும் சொன்னார். 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பெண்களைத் தேர்வெழுத அனுமதித்ததை அவர் கேள்விப்படவே இல்லை. 2025 மே 30 அன்று முதல் அணிப் பெண்கள் 17 பேர் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். அந்தக் காட்சியைக் கைப்பேசியில் அத்தைக்குக் காட்டினேன். "இதில் பெண் யார், ஆண் யார்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எல்லாக் கையும் ஒரே உயரத்துக்கு எழுந்ததால் அவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். அழுகையை அத்தை பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன்.

சென்னை, குறுகிய காலப் பணி முடித்து வந்தவர்

எஸ்.எஸ்.பி. பற்றி நான் சொல்கிறேன், இரண்டு முறை போய்த் திரும்பியவன். முதல் முறை பெங்களூரில் முதல் நாளிலேயே வெளியே. மார்பில் கட்டிய எண்ணை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு மாலையில் ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் முறை ஐந்து நாளும் இருந்தேன், கடைசியில் என் எண்ணை வாசிக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் மாமா ஒருவரைக் கூட்டி வந்தார். டெல்லியில் ஆள் இருக்கிறது, மூன்று லட்சம் கொடுத்தால் காரியம் முடியும் என்றார் அவர். என் அப்பா எலக்ட்ரீஷியன். நிலத்தை விற்கலாமா என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டார். தயவுசெய்து யாரும் ஏமாறாதீர்கள். உளவியல் சோதனையை ஒருவர், மைதானப் பணிகளை ஒருவர், நேர்காணலை ஒருவர் என்று தனித்தனியாகப் பார்த்துவிட்டுக் கடைசி நாளில்தான் கூடி முடிவு செய்கிறார்கள். அதில் மாமாவின் ஆளுக்கு வேலையே இல்லை.

பத்தொன்பதரை வயது தாண்டியதும் "கதவு மூடிவிட்டது" என்றார்கள். பட்டப்படிப்பு முடித்து, பட்டதாரிகள் படை அதிகாரியாகச் சேர யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வை எழுதினேன், பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் இடம் கிடைத்தது. 49 வாரப் பயிற்சி, பத்து ஆண்டுப் பணி, விரும்பினால் மேலும் நான்கு. மேஜர் முகுந்த் வரதராஜன் 2006இல் பயிற்சி முடித்து வந்தது இங்கிருந்துதான். அந்த மதிலை ஒட்டித் தினமும் பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும்? என் கல்லூரி நண்பனே, அது போலீஸ் பயிற்சிப் பள்ளி என்று நினைத்திருந்தான்.

ஈரோடு, ஒரு தந்தை

படித்துவிட்டுக் கேட்கிறேன். மகள் பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் பிரிவு, கணிதம் இல்லை. கண்ணாடி அணிகிறாள். விண்ணப்பிக்க முடியுமா? பாதியில் வேண்டாம் என்று தோன்றினால் விடுவார்களா?

சிவகங்கை, ஓய்வு பெற்ற கடற்படை அதிகாரி

தரைப்படைப் பிரிவுக்கு எந்தப் பாடப்பிரிவானாலும் விண்ணப்பிக்கலாம் ஐயா. விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும். ஆனால் 300 மதிப்பெண் கணிதத் தாள் எல்லோருக்கும் உண்டு, இன்றே ஒரு கணித ஆசிரியரைப் பாருங்கள். கண்ணாடி மட்டுமே தடையல்ல, தரைப்படையில் ஒரு வரம்பு வரை ஏற்பார்கள். கண் மருத்துவரிடம் அளவை எழுதி வாங்கி, அறிவிப்பில் உள்ள அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாதியில் விலகலாம், ஆயுள் அடிமை என்பது பொய். ஆனால் சொந்தக் காரணத்துக்காக விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டுவதாகச் சேரும்போதே பெற்றோர் பத்திரத்தில் கையெழுத்திடுகிறோம். அதை வரிவரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். சீருடை போட்டதுமே படைவீரருக்கான எல்லா உரிமையும் வந்துவிடும் என்று நினைக்கிறோம். கேடட் இன்னும் அதிகாரி ஆகாதவர். பயிற்சியில் காயப்பட்டு மருத்துவக் காரணத்தால் வெளியே வந்தவர்களுக்கு முன்னாள் படைவீரர் தகுதி கிடைக்காமல் இருந்து, 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து அந்த வழக்கை எடுத்தது. மகளிடம் இதையும் சொல்லுங்கள். கேட்ட பிறகும் போகிறேன் என்றால், வயது பதினாறரை ஆகும் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

ஈரோடு, ஒரு தந்தை

சொன்னேன். இரவே அண்ணனின் பழைய கணிதப் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருக்கிறாள். எந்தப் பாடத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லலாம்?